உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடுவதும் அதன் தீர்ப்பை வாசிப்பதும்: திருகோணமலை வாசகர்களுக்கு

பரம்பரையாகப் பயிர்செய்த காணியைச் சுற்றி ஒருநாள் வேலி எழும்பும்போதும், காரணம் சொல்லப்படாமல் ஓர் இளைஞர் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்படும்போதும், தமிழில் எழுதிய கடிதத்துக்கு ஓர் அரச அலுவலகம் தமிழில் பதில் தர மறுக்கும்போதும், நம் மாவட்டத்து மக்கள் முதலில் தேடிப் போவது தெரிந்த அரசியல்வாதியை, பிரதேச செயலாளரை, அல்லது கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தை. அதில் தவறில்லை. ஆனால் அப்படி அலைந்து திரியும் நாட்களுக்குள்ளேயே, நாட்டின் அதியுயர் மன்றமாகிய உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு அரசியலமைப்பு தந்திருக்கும் ஒரு மாத அவகாசம் கடந்துவிடுகிறது. இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு முதற்காரணம் அதுதான்.

இரண்டாவது காரணமும் உண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைச் சில பக்கங்களில் சொல்லி முடித்துவிடுகிறது. அச்சொற்கள் எவ்வளவு தூரம் நீளும் என்பதைத் தீர்மானிப்பது, யாரோ ஒருவர் துணிந்து கொண்டுவந்த வழக்கும் அதில் நீதியரசர்கள் எழுதிய தீர்ப்புமே. உயிர்வாழும் உரிமை நம் அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. காவலில் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த ஸ்ரீயானி சில்வா வழக்கில், 2003இல், சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரைக்குள்ளும், நீதிமன்றக் கட்டளையின்றி மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ கூடாதென்னும் 13(4)ஆம் உறுப்புரைக்குள்ளும் அது அடங்கியிருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டது. வாக்களிப்பதும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடே என்பதும் 1999இல் மாகாண சபைத் தேர்தல் ஒத்திவைப்பு வழக்கில் வந்த விளக்கமாகும். ஆகவே, வழக்கை எப்படிக் கொண்டுபோவது என்பதோடு, வந்த தீர்ப்பை எப்படி வாசிப்பது என்பதையும் அறிந்திருப்பவரே தம் உரிமையை முழுமையாக அறிந்தவர் ஆவார்.

உங்கள் முறைப்பாடு இந்த மன்றத்துக்குரியதா?

உறுப்புரை 126 உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய தனித்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. மூன்றாம் அத்தியாயத்திலுள்ள அடிப்படை உரிமையோ, நான்காம் அத்தியாயத்திலுள்ள மொழி உரிமையோ, நிறைவேற்று அல்லது நிருவாக நடவடிக்கையால் மீறப்பட்டிருக்க வேண்டும். அல்லது மீறப்படும் தறுவாயில் இருக்க வேண்டும். மொழி உரிமையும் இதில் அடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழும் திருகோணமலையில் அதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மீறல் நிகழும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. காணி சுவீகரிப்பு அறிவித்தல் ஒட்டப்பட்ட கட்டத்திலேயே மனுவைப் பற்றி யோசிக்கலாம்.

‘நிறைவேற்று அல்லது நிருவாக நடவடிக்கை’ என்றால் அரசின் கையால் நிகழ்ந்தது என்று பொருள் கொள்ளுங்கள். பொலிஸார், படையினர், திணைக்களங்கள், பிரதேச செயலகம், உள்ளூராட்சி மன்றம், அரச கூட்டுத்தாபனங்கள் முதலியவற்றின் செயல்கள் இதற்குள் வரும். தனியார் முதலாளியோ அயலவரோ செய்த அநீதிக்கு வேறு நீதிமன்றங்கள் உள்ளன. ஒரு நீதிபதி நீதிமுறையாக வழங்கிய கட்டளைக்கு எதிராகப் போகும் வழி மேன்முறையீடு. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பிழையானது என்று சொல்லி இந்த மனுவைத் தாக்கல் செய்யவும் இயலாது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உரிமைகள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரை எவ்விதக் கட்டுப்பாட்டுக்கும் உட்படாதது; கருத்து, கூட்டம், நடமாட்டம் போன்ற 14ஆம் உறுப்புரை உரிமைகள் குடிமக்களுக்கு உரியவை, 15ஆம் உறுப்புரை சொல்லும் காரணங்களுக்காகச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தப்படக்கூடியவை. நடைமுறையில் பெரும்பாலான மனுக்கள் தங்கியிருப்பது 12(1)இல். சட்டத்தின் முன் சமத்துவம் என்ற அந்தச் சிறிய வாக்கியத்தை, எதேச்சாதிகாரமான எந்த அரச முடிவுக்கும் எதிரான பாதுகாப்பாகவே மன்றம் விரித்திருக்கிறது.

ஒரு மாதமும் அதற்குள் செய்யவேண்டியவையும்

மீறல் நிகழ்ந்த திகதியை முதலில் எழுதிவையுங்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனு மன்றத்தில் இருக்க வேண்டும். தடுப்புக்காவலில் இருந்தவர் சட்டத்தரணியைச் சந்திக்க இயலாமற்போன காலம் போன்றவற்றை மன்றம் கருத்திற்கொண்ட வழக்குகள் உண்டு. தொடர்ந்து நிகழும் மீறல் என்ற வாதமும் சில வேளைகளில் ஏற்கப்பட்டிருக்கிறது. அவை விதிவிலக்குகள். அவற்றை நம்பி நாட்களைக் கடத்துவது ஆபத்தானது.

இந்த இறுக்கத்துக்குச் சட்டமே தந்திருக்கும் தளர்வு ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவின்படி, அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இயங்குவதால், மூதூரிலோ வெருகலிலோ குச்சவெளியிலோ வாழும் ஒருவர் இதற்காகக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. ஆயினும், முறைப்பாட்டுக் கடிதத்தைக் கையளித்துவிட்டால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதை மனுதாரர் காட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிற்காலத் தீர்ப்புகளில் இறுக்கமாகச் சொல்லியிருக்கிறது. எனவே முறைப்பாட்டு இலக்கம், அழைப்புக் கடிதங்கள், நீங்கள் சமுகமளித்த திகதிகள், ஆணைக்குழு பிறருக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் ஆகிய அனைத்தையும் கேட்டுப் பெற்று ஒரு கோப்பில் வையுங்கள். இந்த ஒரே காரணத்தால், நியாயம் நிறைந்த மனுக்களும் வாசலிலேயே திரும்பிவிடக்கூடும்.

சான்றுகளைச் சேர்ப்பதில் தாமதம் வேண்டாம். காயம் இருந்தால் திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையில் அனுமதி பெற்று, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். அலுவலகத்துக்கு அனுப்பும் எதையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தராவிட்டால், ‘இன்ன திகதியில் இன்ன பதவியிலுள்ளவர் இவ்வாறு கூறினார்’ என்று நீங்களே எழுதி அதே அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பம் மிகப் பயனுள்ளது; தகவல் அலுவலர் பொதுவாக 14 வேலைநாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லவேண்டும். தகவலைப் பெறும் உரிமை 2015இல் 19ஆம் திருத்தத்தின் மூலம் 14அ உறுப்புரையாக அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. ஆனால் தகவல் வரட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னர் கிடைக்கும் ஆவணத்தை மன்றத்தின் அனுமதியுடன் சேர்க்க முயலலாம், கடந்துபோன திகதியை அப்படி மீட்க இயலாது.

மனு

மனுவைப் பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ தாக்கல் செய்யலாம். மீறலுக்குப் பொறுப்பானவர்களைப் பெயராலோ பதவியாலோ பிரதிவாதிகளாகக் குறிப்பிட்டு, சட்டமா அதிபரையும் சேர்க்க வேண்டும். மனுவோடு வரும் சத்தியக் கடதாசியில் உங்கள் நேரடி அறிவுக்கு எட்டியதை மட்டும் சொல்லுங்கள். கோபம் நியாயமானதாக இருக்கலாம், எனினும் மிகைப்படுத்திய ஒரு வரி முழுச் சத்தியக் கடதாசியின் நம்பகத்தன்மையையும் குறைத்துவிடும். திகதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.

24ஆம் உறுப்புரை, நீதிமன்றத்தில் வழக்குரைகளைத் தமிழில் அளிக்கவும் நடவடிக்கைகளை மொழிபெயர்ப்பின் மூலம் விளங்கிக்கொள்ளவும் உரிமை தருகிறது. புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலமே வழங்குகிறது என்பதால், உங்கள் சார்பில் ஆங்கிலத்தில் எழுதப்படும் மனுவைத் தமிழில் வாசித்து விளக்கும்படி சட்டத்தரணியிடம் கேட்ட பின்னரே சத்தியக் கடதாசியில் கையெழுத்திடுங்கள். தாம் கையெழுத்திட்டதில் என்ன இருக்கிறது என்று அறியாமலே கொழும்புக்கு இரவு ரயில் ஏறுவதை ஒருவரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பணமில்லை என்பதற்காகக் கைவிடவேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையில் உண்டு. அதற்கும் அப்பால், 1990ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளின் 44(7)ஆம் விதி, வசதியற்ற ஒருவர் எழுதிய சாதாரண முறைப்பாட்டுக் கடிதத்தையே மனுவாக ஏற்று நடத்த மன்றத்துக்கு இடமளிக்கிறது. சிறைக்குள்ளிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் இவ்வழியில் வழக்குகளாகியுள்ளன.

மனு தாக்கலானதும் முதற்கட்டம், விசாரணையைத் தொடர்வதற்கான அனுமதி. குறைந்தது இரு நீதியரசர்கள் அதைத் தீர்மானிக்கிறார்கள். அதே வேளையில் இடைக்கால உத்தரவையும் கேட்கலாம். பல வழக்குகளில் மனுதாரருக்கு உண்மையான பாதுகாப்பு கிடைப்பது அங்கேதான். 2007 ஜூன் 7இல் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் மறுநாளே மன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. இறுதித் தீர்ப்புக்காக ஆண்டுகள் காத்திருந்திருந்தால் அது யாருக்கும் உதவியிருக்காது. இரண்டு மாதங்களுக்குள் வழக்கை முடிக்கவேண்டும் என்று 126(5) சொன்னாலும், நடைமுறையில் அது கட்டாயமாகக் கொள்ளப்படுவதில்லை.

எல்லாவற்றுக்கும் கொழும்பு தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாகாணத்துக்குரிய விடயங்களில் ஓர் அதிகாரி எல்லை மீறினால், திருகோணமலையிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் 154P உறுப்புரையின் கீழ் எழுத்தாணை, அதாவது அதிகாரியின் செயலைத் தடுக்கவோ இரத்துச் செய்யவோ கடமையைச் செய்விக்கவோ நீதிமன்றம் இடும் ஆணை, கோரலாம். கன்னியா வெந்நீரூற்றுப் பகுதியில் பிள்ளையார் கோயில் இருந்த இடம் தொடர்பான வழக்கில் 2019 ஜூலையில் கட்டுமானத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவு வந்தது இந்த மேல் நீதிமன்றத்திலிருந்துதான்.

சட்டமூலம் வரும்போது

நம் நாட்டில் நிறைவேறிவிட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் செல்லாததாக்க இயலாது. சபாநாயகரின் சான்றுரை பெற்ற பின் அதன் வலிதைக் கேள்விக்குட்படுத்த 80(3)ஆம் உறுப்புரை இடந்தருவதில்லை. 16ஆம் உறுப்புரை, முன்னரே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் தொடரும் என்கிறது. என் பார்வையில் இவை இரண்டும் நம் அரசியலமைப்பின் மிகப் பெரிய குறைபாடுகள். எஞ்சியிருக்கும் ஒரே வாய்ப்பு, சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற நாளிலிருந்து அரசியலமைப்பு தந்திருக்கும் குறுகிய அவகாசத்துக்குள் எந்தக் குடிமகனும் 121ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்து, அதே நேரத்தில் சபாநாயகருக்கும் பிரதியைச் சேர்ப்பிப்பதாகும். அவ்வளவு குறுகிய காலத்துக்குள் தனியாள் ஒருவர் இதைச் செய்வது கடினம். அமைப்புகள் வர்த்தமானியைத் தொடர்ந்து கண்காணித்து, சட்டமூலம் வெளியாகும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். இணையவெளிப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தில் ஏராளமான வாசகங்களைத் திருத்தவேண்டும் என்று 2023இல் மன்றம் கண்டது. 2024 ஜனவரியில் சட்டம் நிறைவேறியபோது அத்திருத்தங்கள் எல்லாம் உள்ளடக்கப்படவில்லை என்ற கண்டனம் எழுந்தது. சபாநாயகரின் சான்றுரையை எதிர்த்த மனுவுக்கோ விசாரணையைத் தொடர அனுமதி கிடைக்கவில்லை. தீர்மானம் வந்த பிறகும், குழுநிலைத் திருத்தங்களை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மக்களுக்கு உண்டு.

தீர்ப்பை வாசிப்பது

பத்திரிகைத் தலைப்பை நம்பித் தீர்ப்பைப் பற்றிப் பேசாதீர்கள். தீர்ப்புகள் உயர் நீதிமன்ற இணையத்தளத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரோ மாணவரோ இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் இல்லை. முதற் பக்கத்தில் வழக்கு இலக்கம், தரப்பினர், நீதியரசர்களின் பெயர், விவாதிக்கப்பட்ட திகதி, தீர்ப்புத் திகதி ஆகியன இருக்கும். அடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போய், மன்றம் எதைக் கட்டளையிட்டது, எத்தனை நீதியரசர்கள் உடன்பட்டனர், மாறுபட்ட தீர்ப்பு உண்டா என்று பாருங்கள். அதன் பின்னரே நடுப்பகுதிக்கு வந்து, மன்றம் தன்முன் வைத்துக்கொண்ட கேள்வி எது என்று தேடுங்கள். அந்தக் கேள்விக்கு அளித்த பதிலே பின்வரும் வழக்குகளுக்கு வழிகாட்டும். போகிற போக்கில் சொன்ன கருத்துகளுக்கு அந்த வலிமை இல்லை.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம், 2006 ஒக்டோபர் 16இல் வடக்கு கிழக்கு இணைப்பைச் செல்லாததாக்கிய தீர்ப்பு. கிழக்கு மாகாணவாசிகள் அடிப்படை உரிமை மனுக்களாகவே அதைக் கொண்டுபோனார்கள். 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் பிரிந்தன. இணைந்த மாகாணத்தின் தலைநகராக இருந்த திருகோணமலை கிழக்கின் தலைநகராக மட்டும் ஆனது. ‘இரு மாகாணங்களும் இனி ஒருபோதும் இணைய இயலாதென்று நீதிமன்றம் சொல்லிவிட்டது’ என்று மேடைகளில் பேசப்படுவதை இன்றும் கேட்கலாம். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. ஆயுதங்கள் கையளிக்கப்பட்டு மோதல்கள் ஓய்ந்திருக்கவேண்டும் என்று மாகாண சபைகள் சட்டம் விதித்திருந்த நிபந்தனையை, 1988இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அவசரகால ஒழுங்குவிதியின் மூலம் மாற்றியது செல்லாது, ஆகவே இணைப்புப் பிரகடனமும் செல்லாது என்பதே அதன் அடிப்படை. அடுத்தடுத்துள்ள மாகாணங்கள் ஒரே நிருவாக அலகாக அமைவதற்குப் பாராளுமன்றம் சட்டமியற்றலாம் என்ற 154அ(3) இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது. இணைப்பை விரும்புபவரும் எதிர்ப்பவரும் விவாதத்தைத் தொடங்கவேண்டிய இடம் இதுதான், ஏனெனில் தடை எங்கே இருக்கிறது என்பதில் பிழைவிட்டால் யாரிடம் கேட்பது என்பதிலும் பிழைவிடுவோம்.

இன்னொரு தீர்ப்பு, திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. சம்பந்தனின் பெயரிலேயே சட்ட உலகில் அறியப்படுகிறது. 2018 நவம்பர் 9இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அவர் முதலான மனுதாரர்கள் 12(1)ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். 2018 டிசெம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, அப்போதிருந்த அரசியலமைப்பின்படி நாலரை ஆண்டுகள் முடிவதற்கு முன்னர், பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானத்தின் மூலம் கேட்டாலன்றி, ஜனாதிபதி அதைக் கலைக்க இயலாது என்று தீர்த்தனர். ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் செயலுக்கு எதிராக நீங்கள் தாக்கல் செய்யும் அதே வகை மனு, நாட்டின் தலைவரது பிரகடனத்தையும் வறிதாக்கியது. சமத்துவ உரிமை எவ்வளவு தூரம் எட்டும் என்று சந்தேகிப்பவருக்கு இதைக் காட்டுங்கள்.

மன்றத்திலிருந்து வரும் எல்லாமே தீர்ப்பு அல்ல. அனுமதி மறுக்கப்பட்டால், அரசு செய்தது சரி என்று மன்றம் விரிவாக ஆராய்ந்து சொன்னதாகக் கொள்ளக் கூடாது. அனுமதி கிடைத்தால் வெற்றி என்றும் கொள்ளக் கூடாது. சம்பூர் அனல்மின் நிலையத்துக்கு எதிரான வழக்கில், திட்டம் முன்னெடுக்கப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் சார்பில் 2016 செப்டெம்பரில் மன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. சம்பூர் மக்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் நிலக்கரி மின் நிலையம் உரிமை மீறலா என்ற கேள்விக்கு அங்கே பதில் எழுதப்படவில்லை என்பதால், வேறோர் ஊரார் அதை முன்தீர்ப்பாக எடுத்துச் செல்ல இயலாது. நிவாரணத்தையும் தனியாகக் கவனியுங்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12இல் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 14இல் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் பொதுநம்பிக்கையை மீறினர் என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்க்கப்பட்டபோது, மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு மட்டுமே கிடைத்தது.

தீர்ப்பைப் பொதுவெளியில் எடுத்துப் பேசுவது

தீர்ப்புகள் பேச்சுச் சுதந்திரத்தின் எல்லையையும் விரிக்கின்றன. 2017 ஓகஸ்ட் 4இல் சந்திரசோம எதிர் சேனாதிராஜா வழக்கில், சமஷ்டியைக் கோருவது பிரிவினையைக் கோருவதாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்த 6ஆம் திருத்தத்தின் நிழலில் அச்சொல்லையே தாழ்ந்த குரலில் சொல்லிப் பழகிய தலைமுறைக்கு இது சாதாரண விடயம் அல்ல. திருகோணமலையில் அரசியல் தீர்வு பற்றிக் கூட்டம் நடத்துவோர் இத்தீர்ப்பின் உரிய பக்கங்களைத் தமிழில் பெயர்த்துக் கையில் வைத்திருக்க வேண்டும். கேள்வி கேட்கவரும் அதிகாரிக்குக் காட்டுவதற்கும், மேடையில் மிகைப்படுத்திப் பேசும் நம்மவரைத் திருத்துவதற்கும் அது உதவும்.

தீர்ப்பை விமர்சிப்பதற்கு அஞ்சவேண்டாம். 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் கீழும் நியாயமான விமர்சனத்துக்கு இடமுண்டு. தர்க்கம் எங்கே பிழைத்தது, எந்தச் சான்று கவனிக்கப்படவில்லை, முந்திய தீர்ப்போடு எங்கே முரண்படுகிறது என்று எழுதுங்கள். நீதியரசரின் உள்நோக்கத்தையோ இனத்தையோ சுட்டாதீர்கள். நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றிப் பேசும்போது, நடந்த நடவடிக்கைகளை உள்ளபடி அறிவிப்பதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

ஒரு தீர்ப்பு வந்துவிட்டதால் விடயம் தானாக நடந்துவிடும் என்று எண்ணவும் வேண்டாம். 2023இல் உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22இல் தீர்க்கப்பட்டது; தேர்தல் நடந்தது 2025 மே 6இல். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2017இல் முடிந்து, பல ஆண்டுகள் தேர்தலே இன்றிக் கழிந்திருக்கின்றன. 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கு இலக்கம், திகதி, பக்கம் குறிப்பிட்டு, தேர்தல் ஆணைக்குழுவுக்கும் நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் தமிழில் பதிவுத் தபாலில் எழுதலாம்; எழுத்தில் பதில் வேண்டும் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியாக வையுங்கள்.